பிரஜாவுரிமைச் சோறு

பரிமளத்தின் வீட்டில் ஒரு பிடி சோறு சாப்பிட்ட எவருக்கும், சாப்பிட்ட கை காய்வதற்குள், அவள் கணவர் செல்லச்சாமியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கம் மனப்பாடமாகிவிடும். மனப்பாடம் ஆவதோடு நின்றாலும் பரவாயில்லை, வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வெளியே வரும். கண்டியில், கட்டுகலைச் சரிவில் அவர்கள் குடியிருந்த சந்தில் இதை யாரும் பெரிய அதிசயமாகப் பேசியதில்லை. அந்த நாட்களில் கூப்பன் அரிசியில் கல் இருந்தது, நெல் இருந்தது, சில வாரம் வண்டும் இருந்தது. பரிமளம் வீட்டு அரிசியில் ஒரு சான்றிதழும் இருந்தது, அவ்வளவுதான்.

செல்லச்சாமி, தேயிலைப் பெட்டிக்குப் பலகை விற்கும் ஒரு கம்பனியில் கிளாக்கர். கம்பளையில் பிறந்தவர், மகாவலியைத் தவிர வேறு ஆற்றில் கால் நனைக்காதவர். ஆனாலும் சுதந்திரம் வந்த கையோடு அவரைப் போன்றவர்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. தாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று காகிதம் காட்டி நிரூபிக்கும் வேலை. விண்ணப்பம் போட்டார், விசாரணைக்குப் போனார், சாட்சிகளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார், கேட்ட கேள்வியையே கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலையே சொன்னார். ஐம்பத்தாறில் சான்றிதழ் கைக்கு வந்தபோது தலை பாதி நரைத்துவிட்டது. அந்த ஒரே காகிதத்தில் அவர் பெயரும், மனைவி பரிமளத்தின் பெயரும், சின்னப் பெண் சுந்தரியின் பெயரும் இருந்தன. அது இருக்கும்வரை மூன்று பேரும் பிரஜைகள். அது தொலைந்தால் மூன்று பேரும் என்ன ஆவார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பரிமளம் துணியவில்லை.

எங்கே வைப்பது என்று அவள் யோசித்த யோசனைக்கு ஒரு வீடே கட்டியிருக்கலாம். அலுமாரியில் வைத்தால் கண்டி ஈரம் விடாது, கூறைப்புடவையே அங்கே பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. டிரங்குப் பெட்டியின் பூட்டைச் சுந்தரியே கொண்டை ஊசியால் திறந்துவிடுவாள். சாமிப் படத்துக்குப் பின்னால் கரப்பான்களுக்குப் பரம்பரைக் குடியிருப்பு. கடைசியில் பரிமளம் சான்றிதழை வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, அடுப்படியில் இருந்த அரிசிப் பெட்டியின் அடியில் புதைத்தாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தினமும் கை படுகிற இடம், போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதோடு, தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் நாம் முதலில் தூக்குவது அரிசியைத்தானே என்பது அவள் கணக்கு. நன்றாகத்தான் யோசித்திருந்தாள், குறை சொல்ல முடியாது.

முதலில் அகப்பட்டவர் திருச்செல்வம். செல்லச்சாமியோடு அதே கம்பனியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் இரண்டு தரம் எழுதி வைக்கும் மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், ரசத்துக்குச் சோறு கேட்க வாயைத் திறந்தார். வந்தது ரசம் அல்ல, இலக்கம். எழுத்தும் எண்ணும் கோடும் பிசகாமல், பதிவு செய்த திகதியோடு முழுதாக வந்தது. செல்லச்சாமி எழுந்து போய் அரிசியைத் தோண்டிச் சான்றிதழை எடுத்து ஒத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"உம்மட இலக்கத்தை நான் ஏன் சொல்லுறன் எண்டு எனக்கே விளங்கேல்லை," என்றார் திருச்செல்வம். "எதுக்கும் ஒரு கொப்பி எடுத்து வேற ஒரு வீட்டில குடுத்து வையும். ஒரே இடத்தில எல்லாத்தையும் வைக்கிறது புத்தியில்லை."

"ஏங்க எழுதணும்?" என்றார் செல்லச்சாமி. "அதான் சாப்பிடுற அத்தனை பேரும் சொல்றாங்களே."

அந்தச் சந்தில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் இந்த நினைப்பில்தான் வாழ்ந்தார்கள். வேறு வீட்டுச் சோறு ஒரு பிடி உள்ளே போனதும் இலக்கம் மறந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மறந்தால் என்ன, மறுபடி பரிமளத்தின் வீட்டில் சாப்பிட்டால் போயிற்று. குடைக்கடை ஹபீலுக்குப் பொங்கலன்று போகும் ஒரு கிண்ணத்தில் இலக்கம் இருந்தது. காகங்களுக்கு வைத்த சோற்றில் இருந்தது. அவை ஓட்டின் மேல் உட்கார்ந்து கரைவதில் எண்ணிக்கை கேட்கிறது என்று சிலர் சொன்னார்கள், அது கொஞ்சம் கூடுதல். ஒரு தரம் பின்கட்டில் நுழைந்த திருடன் பழைய சோற்றைத் தின்றுவிட்டுக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போய், சந்தையில் விலை சொல்ல வாயைத் திறந்த இடத்தில் பிடிபட்டான். குத்துவிளக்கைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்த கான்ஸ்டபிள், பரிமளம் கொடுத்த தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு, சோறு வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சுந்தரி பெரியவளானபோதுதான் வினை வந்தது. சடங்கு வீட்டில் கூட்டம் சேரும், டிரங்குப் பெட்டியை நம்ப முடியாது என்று, பரிமளம் அதிலிருந்த மற்றக் காகிதங்களையும் எடுத்தாள். காணி உறுதி, கல்யாணப் பதிவு, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் அதே துணியில் வைத்துச் சுற்றி அரிசிக்குள் இறக்கினாள். சின்னக் காகிதம் என்பதால் பரிமளத்தின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. அன்று முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களில் தலையானவள் ரத்தினம்மா, செல்லச்சாமியின் அக்கா, கலஹாவில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், வாழ்க்கைப்பட்டவள். செல்லச்சாமி பரிமளம் கல்யாணத்தை முடித்து வைத்தவளே அவள்தான். பெண் மாப்பிள்ளையை விட இளையவள் என்று பெண் வீட்டார் சொன்னதை நம்பி, தன் தாயின் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள். அவள் ஒரு கவளம் விழுங்கினாள். பந்தி முழுவதும் ஒரு கவளம் விழுங்கியது. பிறகு அந்த வரிசை அத்தனையும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே குரலில், பரிமளம் பிறந்த ஊரையும் பிறந்த வருடத்தையும் சொன்னது. அந்த வருடத்தின்படி பரிமளம் மாப்பிள்ளைக்கு மூத்தவள்.

செல்லச்சாமிக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. மனைவி மூத்தவளானால் என்ன, இளையவளானால் என்ன, ரசம் ஒரே ருசிதான் என்று நினைக்கிற ஆள். ரத்தினம்மா அப்படிப்பட்டவள் இல்லை.

"செத்துப்போன எங்க அம்மாகிட்ட என்னைப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சிட்டீங்களே," என்றாள், சத்தம் போடாமல். அதுதான் எல்லோரையும் கலக்கியது.

பரிமளம் பதிலுக்குச் சும்மா இருந்திருக்கலாம். வயசைக் குறைத்துச் சொன்னது அவள் இல்லை, அவளைப் பெற்றவர்கள். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளின் சடங்கில், அத்தனை பேர் முன்னால், முகம் எரிந்துகொண்டிருந்தவளுக்கு வாயில் வந்தது வேறு. "போட்ட சோத்தத் தின்னுட்டு என் மானத்தயும் தின்னுட்டீங்க மதினி," என்றாள். ரத்தினம்மா பாதி இலையில் எழுந்தாள். அவளோடு கலஹாவிலிருந்து வந்த பஸ்ஸே எழுந்தது. சோறு அண்டா அண்டாவாக மிஞ்சிக் கிடந்தது.

மறுநாள் பரிமளம் அந்தச் சோற்றை மிளகாயும் சீரகமும் உப்பும் போட்டு அரைத்து, மாசி வெயிலில் வடகம் போட்டாள். அரைக்கும்போதே அழுதாள், உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. காய்ந்த வடகத்தில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துக் கலஹா பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. டின் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது, பதில் வரவில்லை. ஒரு தீபாவளி போயிற்று, பல தீபாவளிகள் போயின. அக்கா தம்பி வீட்டுப் படி ஏறவில்லை, தம்பி மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காகிதங்களைப் பரிமளம் அரிசியிலிருந்து எடுக்கவே இல்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். சந்து முழுவதும் அவள் வயதை அறிந்தே அவளோடு பழகியது. ஆனாலும் சுந்தரியின் அத்தை இல்லாத ஒவ்வொரு நல்ல நாளிலும் அவள் கண் வாசலுக்குப் போய் வந்தது.

எழுபதுகளின் நடுவில், மழை விடாமல் பெய்த ஒரு வைகாசியில், மலை கொஞ்சம் இறங்கி வந்தது. குடும்பம் கோயிலுக்குப் போயிருந்த நேரம். மண்சரிவு வீட்டின் மற்றப் பகுதிகளைத் தொடவில்லை. அடுப்படியை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கிவிட்டது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கலண்டர் கூட ஆடவில்லை. அரிசியைத் தூக்க ஆள் இல்லாத வெள்ளம் ஒன்று வரக்கூடும் என்பதைப் பரிமளம் யோசித்திருக்கவில்லை. மூவரும் நனைந்து நின்றபோது ஹபீல் குடையோடு ஓடிவந்தார். "காகிதம் கெடக்கட்டும், ஆளுக்கு ஒன்னும் ஆகலியே. முதல்ல வந்து சாப்புடுங்க," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். அவர் மனைவி சுடச்சுடச் சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் வைத்தாள். பசி. சாப்பிட்டார்கள். அந்தப் பருப்புக்கு வஞ்சகம் தெரியாது. இரண்டாவது கவளத்தில் செல்லச்சாமியின் கை பாதி வழியில் நின்றது. மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இலக்கம் போயிருந்தது.

சந்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். எல்லோரும் அன்று தங்கள் வீட்டிலேயே சாப்பிட்டிருந்தார்கள். திருச்செல்வம் தலையில் அடித்துக்கொண்டு, "நான் எண்டாலும் எழுதி வச்சிருக்கலாம்," என்றார். காகங்களைக் கேட்டுப் பயனில்லை, அவை நாலு வீடு சாப்பிடுகிறவை. சேற்றில் பொறுக்கிய அரிசியைக் கழுவி வடித்துப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு மண்ணின் ருசி மட்டும் தெரிந்தது. இலக்கம் மட்டும் போயிருந்தால் தேவலை. சுந்தரி பிறந்த திகதியும், காணி உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும், பரிமளத்தின் புகழ்பெற்ற பிறந்த வருடமும் எல்லாம் ஒரே சோற்றோடு போயிருந்தன.

இதில் அவசரம் என்னவென்றால், சுந்தரிக்கு ஆசிரியை நியமனம் வந்திருந்தது. ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். மாதம் முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். தோட்டத்தில் கொழுந்து பறித்தவளின் பேத்தி அதே தோட்டப் பக்கம் கரும்பலகை முன்னால் நிற்கப் போகிறாள் என்று பரிமளம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இந்த விஷயங்களைப் பார்க்கும் கந்தோரில் அபேகோன் என்று ஒரு அதிகாரி இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. சுந்தரி சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு பின்னால் இருந்த அறையைக் காட்டினார், கூரை வரைக்கும் பதிவேடுகள்.

"செல்லச்சாமி பேர் மட்டும் இதுக்குள்ள ஒரு ஊர் அளவு இருக்கு," என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். "நம்பர் கொண்டு வாங்க. நம்பர் வந்தா கொப்பி நான் தாறேன்."

சுந்தரி அழவில்லை. வீட்டுக்கு வந்து, வேலைக்கென்று வாங்கிய புதுச் சேலையையும் தைத்து வைத்திருந்த ரவிக்கையையும் மடித்து அலுமாரியின் அடியில் வைத்தாள். பரிமளம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படி இல்லாததால் அப்போதும் ஹபீல் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. அன்று தட்டில் ஒரு பொரித்த பப்படம் இருந்தது. பரிமளம் அதை எடுத்து உடைத்தாள், வாயருகே கொண்டு போனாள், தான் போட்ட வடகம் நினைவுக்கு வந்து அப்படியே வைத்துவிட்டாள்.

"கலஹாவுக்குப் போகணும்," என்றாள்.

"நான் மட்டும் போய்ட்டு வாறேனே," என்றார் செல்லச்சாமி.

"அனுப்புனது நான். நான்தான் போகணும்."

மண்சரிவில் காகிதங்கள் போன செய்தி ரத்தினம்மாவுக்கு முன்பே எட்டியிருந்தது. லயத்துக் காம்பரா வாசலில், கணவரோடும் மகளோடும் வந்து நின்ற பரிமளத்தைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கண்டியிலிருந்து ஆள் வந்தால் பார்க்க வருவது அங்கே மரியாதை.

"இத்தன வருசமா வராதவ வந்திருக்கா," என்றாள் ரத்தினம்மா. "என்னயப் பாக்கவா, வடகத்தப் பாக்கவா?"

"வடகத்துக்குத்தான் மதினி," என்றாள் பரிமளம். "புள்ளைக்கு வேல போயிரும்."

ரத்தினம்மா தம்பியைப் பார்த்தாள், வெளியே நின்ற சுந்தரியைப் பார்த்தாள். மருமகள் தன் சாயலில் வளர்ந்திருப்பதை அப்போதுதான் கண்டாள். உள்ளே போய், அடுப்புக்கு மேலே புகை படியும் பரணிலிருந்து அந்தப் பிஸ்கட் டின்னை இறக்கினாள். கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது, மூடி திறக்கப்படவே இல்லை. பரிமளம் வீட்டுச் சோறு இனி வாயில் வைப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவளுக்கு, சாப்பிடுகிற சாமானைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அவளுக்கும் அந்த வருடம் எப்போதோ மறந்துவிட்டது, கோபம் மட்டும்தான் மறக்கவில்லை. உலகத்தில் அந்தச் சோறு மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்தக் கோபத்தின் பரண்தான்.

பரிமளம் கையை நீட்டினாள். ரத்தினம்மா கொடுக்கவில்லை. "எனக்கு வந்தது. நான்தான் திம்பேன்," என்றாள்.

எண்ணெய் வைத்துப் பொரித்தாள். காகிதங்கள் அடுக்கியிருந்த வரிசை பரிமளத்துக்குத் தெரியும். மேலே கிடந்தது முதலில் வரும். இலக்கத்துக்குப் போக வேண்டுமானால் அவள் வயதைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசல் நிறைய ஆட்கள். சந்தில் எல்லோரும் மறந்தது இங்கே மறுபடி ஊரறிய வெளிவரப் போகிறது, அதுவும் அதே வாயிலிருந்து. "சொல்லுங்க மதினி," என்றாள் மெல்ல. "எல்லாத்தையும் சொல்லுங்க."

ரத்தினம்மா கடித்தாள். மென்று விழுங்கினாள். "உப்பு ஜாஸ்தி," என்று சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது பத்திரம். பரிமளத்தின் பெயர் வந்தது, தகப்பன் பெயர் வந்தது, பிறந்த தோட்டம் வந்தது. பிறந்த வருடம் என்று தொடங்கியதும் ரத்தினம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தச் சோற்றை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. திருடனால் முடியவில்லை, பந்தி முழுவதற்கும் முடியவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, தம்பி பயந்துபோய் முதுகைத் தடவினார். அவள் கையால் விலக்கினாள். கடைசியில் ஒரு பெரிய மிடறாக அந்த வருடத்தை விழுங்கிவிட்டு, தலைப்பை எடுத்தாள். அதன் பிறகு தடையே இல்லை. கல்யாணப் பதிவு வந்தது, காணி உறுதி வந்தது, சுந்தரியின் பிறந்த திகதி வந்தது, சான்றிதழ் இலக்கம் எழுத்தும் எண்ணும் கோடுமாக வந்தது. சுந்தரி எல்லாவற்றையும் எழுதி, இரண்டாவது தாளிலும் எழுதிக்கொண்டாள்.

"ஏன் மதினி?" என்றாள் பரிமளம்.

"ஒரு தடவ சொன்னது போதும்," என்றாள் ரத்தினம்மா. பிறகு மருமகளைப் பார்த்து, "உள்ள வந்து உக்காரு, சாப்பிட்டுப் போகலாம்," என்றாள். பரிமளம் ரத்தினம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பார்க்க வந்தவர்கள் இதுவும் பார்க்க வேண்டியதுதான் என்று நின்று பார்த்தார்கள்.

சொல்லாமல் விழுங்கியது என்பதால் அந்த வருடம் வேறு சோற்றுக்கு மறையவில்லை, ரத்தினம்மாவுக்குள்ளேயே தங்கிவிட்டது. மறுவாரம் அபேகோன் இலக்கத்தைப் பார்த்துப் பதிவேட்டை எடுத்துப் பிரதி எழுதத் தொடங்கியபோது, மனைவி பிறந்த வருடம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. மை அழிந்த தடம் இல்லை, சுரண்டிய தடம் இல்லை. இங்கே இந்த வருடம் எங்கே என்று கேட்டார். பரிமளம் உள்ளதைச் சொன்னாள். அது கலஹாவில் இருக்கிறது, நாத்தனாரிடம், பத்திரமாக. அபேகோன் பேனாவை மறுபடி மையில் தோய்த்தார். அவருடைய மேசைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று வேறு எங்கோதான் இருந்தது. ஒருவருக்குத் தகப்பன் கடலுக்கு அப்பால், ஒருவருக்குப் பிறந்த லயம் இடிந்துபோன தோட்டத்தில், ஒருவருக்குத் தம்பி கப்பலேறிய துறைமுகத்தில். இந்த அம்மாளுடையது பஸ் போகிற தூரத்தில் இருந்தது. அவர் வருடத்துக்கான கட்டத்தில் சிங்களத்தில் 'கலஹா' என்று எழுதி, முத்திரை குத்தி, மை காய ஒரு ஊது ஊதிவிட்டுச் சுந்தரியின் கையில் கொடுத்தார்.